நடைக்காரரின் மூட்டை

உலகத்திலேயே ஒரு மைல்கூட நடக்காமல் ‘நடைக்காரர்’ என்று பெயர் வாங்கியவர், எங்கள் வடசேரி வாழைக்குலை மண்டி அண்ணாச்சி ஒருவர்தான்.

அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, விஷக்காய்ச்சலில் கிடந்து பிழைத்தாள். கன்னியாகுமரியிலிருந்து கடலோரமாகவே திருச்செந்தூருக்குத் தனியாக நடந்து வருவதாக அப்போது அண்ணாச்சி முருகனுக்கு நேர்ந்துகொண்டார். தலை நரைத்தபின் வந்த நேர்ச்சை. கால் பழக வேண்டாமா? மணவாளக்குறிச்சியிலிருந்து ஒரு வண்டி கடல்மணல் இறக்கி மண்டியில் பரப்பி, குலைகளுக்கு நடுவே புதையப் புதைய நடந்தார். வண்டிக்காரத் தங்கையா வாளித் தண்ணீரை அவர் காலில் வீச வேண்டும்.

“ஏலே, அலை இப்பிடியா மெள்ள வரும்? ஓங்கி அடி.”

“ஓங்கி அடிச்சா விழுந்திருவிய, மொதலாளி.”

அடித்தான். விழுந்தார். நடை ஒத்திவைப்பு.

அப்புறம் நல்ல நாள் பார்த்தார். நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், போகிற திசையில் இன்னொரு வீட்டில் மூட்டையை வைத்துவிட்டால் போதும், கிளம்பின மாதிரிதான். பரஸ்தானம் என்பார்கள். எங்கள் வீடு அவர் வீட்டுக்குத் தெற்கே. மூட்டை எங்களிடம் வந்தது. அவர் சாப்பிட வீட்டுக்குப் போனார். வருஷக்கணக்கில் மூட்டை எங்களோடு குடியிருந்தது.

“அண்ணாச்சி, தீவாளிக்கு மூட்டைக்கும் துணி எடுக்கணுமா?” என்றாள் என் மனைவி.

“கேலி பண்ணாதட்டி. கெளம்பும்போதெல்லாம் பல்லி சொல்லுகு, நான் என்ன செய்ய?”

அவர் நேர்ந்தபோது திருச்செந்தூர் வேறு ராஜ்யம். ஐம்பத்தாறில் எல்லையே நகர்ந்து நாங்களும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டோம். அவர்தான் நகரவில்லை.

அந்த வருஷம் மதினிக்கு மறுபடியும் காய்ச்சல். மனிதர் வெளிறிப்போனார்.

“முருகன் கேக்கான் மக்கா. இனியும் போகாட்டா இவள எடுத்துக்கிடுவான்.”

“அப்போ போகவேண்டியதுதானே?”

குரலைத் தாழ்த்தினார். “இவ இல்லாத எடத்துல நான் ஒரு ராத்திரி படுத்ததில்ல கேட்டியா.”

பாவம், பல்லிமேல் போட்ட பழியெல்லாம் பொய்.

காய்ச்சல் விட்டதும் மதினி எங்கள் வீட்டுக்கு வந்து மூட்டையை எடுத்துக்கொண்டு தங்கையாவின் மாட்டுவண்டியில் ஏறினாள்.

“நீங்க நடந்து வாங்க. பொழுதடையும்போது நான் கன்னியாகுமரிச் சத்திரத்துல இருப்பேன். மூட்டைய வச்சா வரமாட்டிய. என்னய வச்சா வருவிய.”

அப்படியே ஊர் ஊராக அவள் முன்னே போனாள். நடைக்காரர் வழியில் கடலை ஏறிட்டும் பார்க்கவில்லை என்று தங்கையா வந்து சொன்னான். விளக்கு வைப்பதற்குள் அவள் இருக்கிற ஊருக்குப் போய்விட வேண்டுமே.