குழு அறையில் நான் கண்ணயர்ந்த செவ்வாய்

மவுண்ட் ஹெர்மோன் திருச்சபையின் டீக்கன், என் அன்பு தாடியஸ் மாமா அவர்களுக்கு, டெஷான்ட்ரா பணிவுடன் எழுதுவது. இங்கே நான் நலமில்லை. அங்கே உங்கள் மகள் ஆர்தெல்லாவும் வயிற்றுப் பிள்ளையும் நலமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். சட்டமன்றத்தில் என் பயிற்சி முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வண்டியோடு வந்து என்னை அழைத்துப் போய்விடுங்கள்.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் மூடிய பிரசவப் பிரிவைத் திறக்கக் கறுப்பின உறுப்பினர்கள் கொண்டுவந்த மசோதா, செவ்வாய் மதியம் சட்டமன்றக் குழுவுக்கு வந்தது. நம் சபையார் பதினெட்டுப் பேர் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்தெல்லா போன தடவை எழுபது மைல் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராமல் சாலையோரத்தில் பெற்றதை நம் சபையின் சிஸ்டர் லுவீனியா சொல்லி அழுதார். பிறகு குழுத் தலைவர் வில்பர்ன் விதிகளை வாசிக்க ஆரம்பித்தார். ஜன்னலில் மழை, அறையில் கதகதப்பு, வயிறு நிறைய சபையார் கொண்டுவந்த கெளுத்தி மீன் வறுவல், அவர் குரல் மெல்ல மெல்ல நம் பாஸ்டர் குரலாகிவிட்டது, சுவர்கள் விலகி நான் நம் சபையில் இருக்கிறேன், யாரோ விசிறுகிறார்கள், ஆர்தெல்லா வெள்ளை உடுப்பில் இரண்டு பிள்ளைகளோடு நடந்து வருகிறாள், அவ்வளவு நிம்மதி மாமா, விழிக்கவே மனசில்லை. "ஆதரிப்பவர்கள்?" என்றார் பாஸ்டர். "ஆமா!" என்று கத்தினேன். நம்மாட்கள் சும்மா இருப்பார்களா? சபையில் ஒருவர் சொன்னால் எல்லாரும் சொல்லித்தானே பழக்கம்! பதினெட்டுப் பேரின் "ஆமா!"வில் கூரை அதிர்ந்தது. தலைவருக்கும் அரைத்தூக்கம் போல, நிறைவேறியது என்று சுத்தியலைத் தட்டிவிட்டார்.

உறுப்பினர் கிராடி துள்ளி எழுந்தார். "என்னய்யா இது? ஓட்டு எங்களுக்கா, அந்தப் பொண்ணுக்கா?"

"நீங்க வாயே திறக்கலையே தம்பி, அதான் நாங்க சொன்னோம்!" என்றார் லுவீனியா.

தீர்மானம் செல்லாது, நாளை ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு வாக்கெடுப்பு என்றாகிவிட்டது. இருக்கிற கோபத்தில் தோற்கடித்துவிடுவார்கள். எல்லாம் என் வாயால் வந்த வினை. ஆர்தெல்லாவை என்னை மன்னிக்கச் சொல்லுங்கள். சபையார் அனைவருக்கும் என் வணக்கம். கர்த்தர் உங்களைக் காப்பாராக, முடிந்தால் என்னையும்.

இப்படிக்கு, வெட்கத்துடன்,
டெஷான்ட்ரா

பி.கு.: தபாலில் போடுமுன் புதன் வந்துவிட்டது. நம்மாட்கள் ஊர் திரும்பவில்லை, முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். போன வருஷம் குழு உறுப்பினர்கள் கும்பலாக 'இல்லை' என்று முனகியே இந்த மசோதாவைக் கொன்றார்கள், யார் முனகியது என்றே தெரியவில்லை. இன்று ஒவ்வொருவரும் லுவீனியாவின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவருக்கும் 'இல்லை' என்று சொல்ல வாய் வரவில்லை. கிராடி மேஜையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க தம்பி!" என்றார் லுவீனியா.

"ஆமா!" என்றார் கிராடி.

வெள்ளிக்கிழமை வண்டி வேண்டாம் மாமா. மசோதா குழுவைத் தாண்டிவிட்டது. அடுத்த வாரம் முழு மன்றத்தில் வாக்கெடுப்பு, நூற்றுச் சொச்சம் பெயர்கள். சபையாருக்கு மூன்று பேருந்து பிடியுங்கள்.