ணகரத்தில் தொடங்கும் சத்தம்

“ணகரத்துல எந்தச் சொல்லும் தொடங்காது,” என்று சொல்லி எழுத்தர் வண்டிப் பழுதுப் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். “வேற சத்தமா எழுதிட்டு வாங்க.”

ஓட்டுநர் படிவத்தை எடுத்துக்கொள்ளவில்லை. “வண்டி அந்தச் சத்தம்தான் சார் போடுது.”

“எப்படிப் போடும்? இலக்கணத்துல இடமே இல்லையே.”

“ணொடுக்,” என்றார் ஓட்டுநர். “கேட்டீங்களா? ணொடுக்... ணொடுக்.”

“நொடுக்னு சொல்றீங்க.”

“அந்த ‘ந’ இல்ல சார். நாக்கு மேல மடங்குது பாருங்க.” வாயைத் திறந்து காட்டினார். எழுத்தர் மேசைமேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார். நாக்கு மடங்கித்தான் இருந்தது. ஆனால் அதை ஆதாரமாகக் கோப்பில் கோக்க வழியில்லை.

இந்த எழுத்தருக்கு அலுவலகத்தில் ‘இணைப்பு’ என்று பெயர். யாராவது வணக்கம் சொன்னால்கூட இணைப்பு எங்கே என்று கேட்பார் என்பார்கள். அது மிகை. வணக்கத்துக்கு அவர் ஒப்புகைச் சீட்டு மட்டுமே கேட்பார்.

அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வாகன ஒலிகளின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியல் இருந்தது. முன்பெல்லாம் ஓட்டுநர்கள் தங்கள் காதுக்குப் பட்டதை எழுதிக்கொண்டிருந்தார்கள். ‘மாமியார் முனகுவது போல்’ என்று ஒருவர் எழுதியதற்கு, எந்த மாமியார் என்று விளக்கம் கேட்டு மூன்று கடிதங்கள் போயின. அதன் பிறகுதான் ஒரு குழு அமைக்கப்பட்டது. நான்கு இலக்கண அறிஞர்கள், ஒரு மெக்கானிக். மெக்கானிக்கின் உடையில் எண்ணெய்க் கறை இருந்ததால், நாற்காலிகளின் நலன் கருதி அவரை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். தேநீர் மட்டும் அவருக்கும் தவறாமல் போயிற்று. குழு பதினான்கு ஒலிகளை வகுத்தது. ‘கடகட’, ‘கிறீச்’ ஆகியவற்றை உள்ளபடியே ஏற்றது. ‘லொடலொட’வை ‘உலொடலொட’ என்று திருத்திச் சேர்த்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மாற்ற வேண்டிய பாகத்தின் பெயர். ‘நொடுக்’ பட்டியலில் உண்டு. அதற்கெதிரே ‘கதவுக் கைப்பிடி’ என்று இருந்தது.

“கதவு நல்லாத்தான் சார் இருக்கு. இது எஞ்சினுக்குள்ள வருது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

எப்படித் தெரியும் என்றால், அன்று காலையில்தான் பணிமனை மெக்கானிக் ஜீப்பின் முன்மூடியைத் திறந்து, நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினில் ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டிருந்தார். ஜீப்புக்கு இருபத்து மூன்று வயது. டாக்டர் நாடி பிடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு, நாலைந்து இடம் மாற்றி மாற்றி ஊன்றிவிட்டு, “ராடு பேரிங் போச்சுண்ணே,” என்றார். “பிரிச்சுப் போட்டா ரெண்டு நாள் வேலை. இப்படியே ஏத்தத்துல ஏத்தினா ராடு ஒடிஞ்சு எஞ்சினைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும்.”

“அப்ப மாத்திடேன்.”

“ஆர்டர் கொண்டாங்க. ஆர்டர் இல்லாம ஒரு போல்ட்டைத் தொட்டா என்னைக் கழட்டிடுவாங்க.”

அடுத்த வியாழக்கிழமை மலைமேல் உள்ள கிளை அலுவலகத்தில் ஆய்வு. மூன்று கிலோமீட்டர் ஏற்றம், ஏழு கொண்டை ஊசி வளைவு, ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாத பக்கத்தை நினைத்துத்தான் ஓட்டுநர் எழுத்தரின் மேசையை விட்டு நகராமல் நின்றார்.

இணைப்பு இரக்கமற்றவர் அல்ல. நெற்றியைத் தேய்த்து யோசித்தார். “ஒண்ணு பண்ணலாம். ரயிலை இரயில்னு எழுதறோம். லாபத்தை இலாபம்னு எழுதறோம். அதே மாதிரி முன்னால ஒரு ‘இ’ போட்டுக்குவோம்.”

“இணொடுக்கா?”

“இப்ப இலக்கணச் சுத்தமா இருக்கு பாருங்க,” என்று முத்திரை குத்தினார்.

மெக்கானிக் ஆணையை இரண்டு முறை படித்தார். “முன்னால ஒரு ‘இ’ இருக்கேண்ணே.”

“அது வண்டியில இல்லப்பா. ஆபீஸ்ல போட்டது.”

“எனக்குத் தெரியுது. ஆர்டருக்குத் தெரியுமா? ‘இ’ன்னு இழுத்துட்டு அப்புறம் தட்டினா அது ஃபேன் பெல்ட்டு. நான் ராடைப் பிரிச்சா, பெல்ட்டுக்கு ஏன் ராடைப் பிரிச்சேன்னு கேப்பாங்க.”

ஃபேன் பெல்ட் மாற்றப்பட்டது. ‘இணொடுக் என்னும் ஒலி முற்றிலும் நீக்கப்பட்டது’ என்று கோப்பு முடித்துவைக்கப்பட்டது. அது உண்மைதான். அதற்குப் பிறகு வண்டியில் இணொடுக் வரவே இல்லை. ணொடுக் மட்டும்தான் வந்தது, முன்னைவிடத் தெளிவாக.

மறுநாள் ஓட்டுநர் மறுபடி வந்து நின்றபோது இணைப்பு கோப்பைத் திறந்து காட்டினார். “சத்தம் போயிடுச்சுன்னு எழுதியிருக்கு. உங்களுக்குக் கேக்குதுன்னா கோளாறு வண்டியில இல்ல, காதுல.”

ஓட்டுநர் அன்றே காது மருத்துவரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தார். இரண்டு காதும் முழுமையாகக் கேட்கின்றன என்று அதில் இருந்தது.

இணைப்பு அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எல்லாம் கேக்குதுன்னு எழுதியிருக்காரு. அதுதானே பிரச்சினையே. இல்லாததும் கேக்குது.”

விஷயம் துணை இயக்குநரிடம் போயிற்று. மேடம் காலத்தோடு இசைந்து நடப்பவர். போன ஆண்டு எல்லா அலுவலகங்களும் நின்றபடி வேலை செய்தபோது இங்கும் நாற்காலிகளை அகற்றினார். மூன்று மாதம் கழித்து அவற்றைத் திரும்ப வரவழைத்தார். இந்த ஆண்டு ‘ஆழ்ந்து கேட்டல்’ நாடெங்கும் பரவியிருந்தது. அதற்கென வெள்ளை உடையில் ஒரு பயிற்சியாளர் வாரம் இருமுறை வந்து, ஊழியர்களைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி, அதன் ஓசை அடங்கும்வரை கேட்க வைத்துக்கொண்டிருந்தார். ஆகவே அவர் தலைமையில் ஜீப்பைக் கேட்பது என்று முடிவாயிற்று.

முற்றத்தில் வண்டியைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். ஓட்டுநர் எஞ்சினைக் கிளப்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

ணொடுக். ணொடுக். ணொடுக்.

ஜன்னல் விளிம்பில் இருந்த இரண்டு புறாக்கள் பறந்தன. எல்லோரும் மேடத்தின் முகத்தைப் பார்த்தார்கள். மேடம் பயிற்சியாளரைப் பார்த்தார்.

“சத்தம்னு ஒண்ணு வெளிய இல்ல,” என்றார் பயிற்சியாளர், கண் திறக்காமல். “நாம அதை எதிர்க்கிறோம். அந்த எதிர்ப்புதான் சத்தம். ஓட்டுநர் ஐயா, நீங்க அதோட பேசிப் பார்த்தீங்களா?”

“பேசினேன் சார்.”

“என்ன சொல்லுது?”

“ராடு பேரிங் போச்சுங்குது.”

மேடம் பெருமூச்சு விட்டார். “எனக்கு அமைதியாத்தான் இருக்கு. உங்களுக்கு?”

“பரம அமைதி மேடம்,” என்றார் இணைப்பு. சத்தத்தை மீறிக் கேட்கட்டும் என்று கத்திச் சொன்னார்.

அறிக்கை அன்று மாலையே தயாரானது. ‘மேற்படி வாகனம் எவ்விதச் சத்தமும் இன்றி நல்ல நிலையில் உள்ளது என்பதைச் செவியாரக் கேட்டறிந்தோம்’ என்று எழுதி மேடம், இணைப்பு, பயிற்சியாளர் மூவரும் கையெழுத்திட்டார்கள். நான்காவது இடம் ஓட்டுநருக்கு. அவர் கையெழுத்திட மறுத்தால், இல்லாத ஒலியைக் கேட்கும் ஊழியர் என்ற முறையில், சத்தமே இல்லாத பதிவறைக்கு மாற்றப்படுவார். அங்கே ஏற்கெனவே, எந்தச் சாவியும் பொருந்தாத ஒரு பீரோவைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார்.

மறுநாள் காலையில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் மனைவியிடம் இதைச் சொன்னார்.

“பதிவறைக்குத்தான் போங்களேன். உசுராவது தங்கும்,” என்றார் மனைவி.

“எனக்கு வண்டி ஓட்டத்தானேடி தெரியும்.”

“அப்ப ஓட்டுங்க.”

“ஓட்டினா ஒடியும்.”

“அப்ப ஒடியும்னு சொல்லுங்க.”

“சொன்னா பதிவறை.”

“முதல்ல அந்தக் காபியைக் குடிங்க. உங்க ஆபீஸ் கணக்கா சுத்திச் சுத்தி அதே இடத்துக்கு வர்றீங்க.”

அவர் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை மேடம் முன் இருக்கையிலும், இணைப்பும் பயிற்சியாளரும் பின் இருக்கையிலுமாக ஜீப் புறப்பட்டது. சமதளத்தில் சத்தம் சீராக வந்தது. அது வரும்போதெல்லாம் மூவரும் சற்று உரக்கப் பேசினார்கள். ஊர் எல்லையைத் தாண்டும்போது, வானிலையைப் பற்றி ஒருவரையொருவர் அதட்டிக்கொள்வதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மலை அடிவாரத்தில் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். சட்டென்று எல்லாம் அடங்கியது. முதன்முறையாக வண்டி அறிக்கைக்கு முழுவதும் பொருந்தி இருந்தது.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றார் மேடம்.

ஓட்டுநர் சாலையைப் பார்த்தபடியே பேசினார். “இங்கிருந்து ஏத்தம் மேடம். உங்கள்ல யாராவது ஒருத்தர் சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லுங்க, இப்படியே திருப்பிப் பணிமனைக்கு விட்டுடறேன். யாருக்கும் கேக்கலைன்னா ஏத்திடறேன்.”

பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டார். இணைப்பு கோப்பைத் திறந்து, தன் கையெழுத்து இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மேடம் ஜன்னல் வழியே முதல் வளைவைப் பார்த்தார். தடுப்புச் சுவரில் ஓர் இடத்தில் சுவர் இல்லை.

“எனக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு,” என்றார் மேடம்.

“ஆழ்ந்து நடத்தல்னு ஒண்ணு இருக்கு மேடம். அடுத்த வருஷம் எல்லா இடத்துலயும் அதுதான் வரப்போகுது,” என்று பயிற்சியாளர் கண்ணைத் திறந்து சொல்லிவிட்டு, அவருக்கு முன்பே இறங்கினார்.

இணைப்பு, மேடத்துடன் கோப்பு இருக்க வேண்டியதன் அவசியம் கருதி இறங்கினார்.

“நீங்க வண்டியை மேல கொண்டு வந்துடுங்க,” என்றார் மேடம் ஓட்டுநரிடம்.

ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையை வெளியே நீட்டி, “இணைப்பு சார், ஒரு சந்தேகம். ஆள் இல்லாம வண்டி ஓட்டினா வெற்றோட்டம்தானே?” என்று கேட்டார்.

இணைப்பின் முகம் மலர்ந்தது. பணிக்காலத்தில் ஓர் ஓட்டுநர் அவரிடம் விதியைக் கேட்டது இதுவே முதல் முறை. “வெற்றோட்டமேதான். முன் அனுமதி வேணும். மூணு பிரதி, இணைப்போட.”

“இப்ப கைவசம் இருக்குங்களா?”

“இல்லையே.”

“அப்ப எடுக்கக் கூடாதுல்ல?”

“எடுக்கவே கூடாது,” என்றார் இணைப்பு கண்டிப்பாக. பிறகுதான் மேடத்தின் முகத்தைப் பார்த்தார். ஆனால் விதியைச் சொல்லியாகிவிட்டது. சொன்ன விதியைத் திரும்பப் பெறத் தனிப் படிவம் வேண்டும்.

ஓட்டுநர் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு அவர்களோடு நடந்தார். ஓட்டப் பதிவேட்டில் ‘ஏற்றத்தில் எவ்விதச் சத்தமும் இல்லை’ என்று எழுதி நீட்டினார். மேடம் நடந்தபடியே கையெழுத்திட்டார்.

முதல் வளைவில் பயிற்சியாளர் மூச்சைக் கவனிக்கச் சொன்னார். இரண்டாவது வளைவில் அவரிடம் கவனிக்க மூச்சு அதிகம் இல்லை. மூன்றாவது வளைவில் எல்லோரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பாறைப் பக்கம் எதிரொலி நன்றாக இருந்தது.

ணொடுக்.

மேடம் நின்றார். பிறகு வலது காலை மெதுவாக எடுத்து வைத்தார்.

ணொடுக்.

இணைப்பு வானத்தைப் பார்த்தார். பயிற்சியாளர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். மேடம் இன்னும் நான்கு எட்டு வைத்தார். வலது கால் ஊன்றிய இரண்டிலும் சத்தம் வந்தது. அவர் வலது முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு திரும்பினார். அலுவலகத்தில் யாரும் பார்த்திராத ஒரு முகம் அது.

“உங்க யாருக்காவது...” என்றார். “ஏதாவது கேட்டுச்சா?”

“இல்லையே மேடம்,” என்றார் இணைப்பு.

“பரம அமைதி,” என்றார் பயிற்சியாளர்.

மேடம் ஓட்டுநரைப் பார்த்தார். இரண்டு காதும் முழுமையாகக் கேட்கின்றன என்று சான்றிதழ் பெற்றவர் அங்கே அவர் ஒருவர்தான்.

“மெய்யாவே சொல்லுங்க. கேட்டுச்சா?”

“இல்லைங்க மேடம்,” என்றார் ஓட்டுநர்.

மேடம் தலையசைத்தார். மேலே இன்னும் நான்கு வளைவுகள் தெரிந்தன. இணைப்பு கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னே நடந்தார். ஓட்டுநர் இரண்டு எட்டு விரைந்து வந்து, மேடத்தின் தோளில் தொங்கிய பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.