உயிரோடு பேயானவர்

செத்த பிறகு பேயானவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். உயிரோடு இருக்கும்போதே பேயாகி, அந்தப் பதவியில் இரண்டு சீசன் குப்பை கொட்டியவர் எனக்குத் தெரிந்து பங்களா அண்ணாச்சி ஒருவர்தான்.

மேலகரம் தாண்டிக் குற்றாலம் போகிற வழியில், நான் மேனேஜராக இருக்கும் லாட்ஜுக்கு எதிரே இருந்தது அந்தப் பங்களா. ராயகிரிப் பக்கம் நிலபுலன் வைத்திருந்த ஒரு குடும்பம், சீசனுக்கு வந்து தங்கக் கட்டியது. வந்த முதல் வருடமே வீட்டம்மா காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர்கள் வரவே இல்லை. ஆளில்லாத வீட்டில் சாரல் காற்றுக்கு ஜன்னல் அடித்துக்கொள்ளும். மாடியில் ஊஞ்சல் தானாக ஆடும். அந்தம்மாதான் ஆடுகிறார் என்று ஊர் சொல்லிக்கொண்டது. சரித்திரம் அவ்வளவுதான். மிச்சம் முழுக்க வாட்ச்மேனாக இருந்த பங்களா அண்ணாச்சியின் கைவண்ணம்.

சென்னையிலிருக்கும் அந்தம்மாவின் பேரன் வீட்டை விற்கப் பார்த்தார். பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு புரோக்கர், வீடு வாங்க நினைத்த ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். அண்ணாச்சி வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வாங்க வாங்க. செருப்ப மட்டும் வெளிய விட்டுருங்க. அம்மாவுக்குச் செருப்புச் சத்தம் ஆகாது."

"எந்தம்மா?"

"வீட்டம்மாதான். செத்து அம்பது அறுவது வருசம் இருக்கும். தங்கமான மனுசி. புடிக்காதவங்களத்தான் மாடிப்படில இருந்து தள்ளுவாக."

வந்தவர் ஒற்றைச் செருப்போடு கார் ஏறினார். மற்றது ரொம்ப நாள் வாசலிலேயே கிடந்தது. அடுத்து வந்த புரோக்கர்களுக்கெல்லாம் அண்ணாச்சி அதைக் காட்டி, "இந்தச் செருப்புக்காரரு இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்காரு" என்று பெருமூச்சு விட்டார்.

நான் சிரித்தேன். காரணம் தெரிந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பு குறைந்துபோனது.

அண்ணாச்சிக்கு ஒரே மகள், முப்பிடாதி. தாயில்லாப் பிள்ளை. பங்களாவுக்குப் பின்னாலிருந்த ஓட்டு அறையில்தான் வளர்ந்தாள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்வேன் என்று அவள் நின்றபோது, அண்ணாச்சி கை நீட்டி அடித்துவிட்டார். அன்றைக்கே போனவள்தான். புனலூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. போன் நம்பர் கிடையாது, விலாசம் கிடையாது.

"வீடு கைமாறிட்டுன்னா என்னைய வெளிய தள்ளிருவானுவ" என்றார் என்னிடம். "அவளுக்குத் தெரிஞ்ச இடம் இது ஒண்ணுதான். ஒருநாள் வருவா. வரும்போது நான் இங்கன இருக்கணும்லா?"

புரோக்கர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஊஞ்சல் பேய் பழகிப்போய், பூசாரியோடு வரத் தொடங்கினார்கள். அந்தச் சமயம் பார்த்து, யூடியூப்காரர்கள் சிலர் கேமராவோடு வந்தார்கள். அண்ணாச்சி புதுக் கதையை எடுத்துவிட்டார். இங்கே ஒரு வாட்ச்மேன் இருந்தான், மகளை நினைத்து ஏங்கியே செத்தான், இன்றைக்கும் பட்டப்பகலில் வந்து கேட்டைத் திறப்பான் என்று.

"நீங்க யாரு தாத்தா?" என்று கேட்டான் கேமராக்காரன்.

அண்ணாச்சி பலாமரத்துக்குப் பின்னால் போனார். போனவர் வெளியே வரவே இல்லை. அங்கே சுவரில் ஒரு ஓட்டை உண்டு. அது வழியாக என் லாட்ஜுக்கு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணாச்சி, போயும் போயும் உங்களையா கொல்லணும்?"

"அடுத்தவன கொன்னா பாவம்லா."

அந்த வீடியோ பரவிய பிறகு புரோக்கர் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. சீசன் ஆட்டோக்காரர்களுக்கோ நல்ல சரக்கு. பங்களா வாசலில் வேகத்தைக் குறைத்து, செத்த வாட்ச்மேன் கதையைச் சொல்லிவிட்டுத்தான் அருவிக்குப் போவார்கள்.

போன ஆடியில் முப்பிடாதி வந்தாள்.

நேராக இங்கே வந்திருக்கலாம். அப்பாவின் கோபம் ஆறியதா என்று தெரிந்துகொண்டு போகலாம் என நினைத்தாளோ என்னவோ, செங்கோட்டையில் ரயிலிறங்கி ஆட்டோக்காரர் ஒருவரிடம் பங்களா வாட்ச்மேனைப் பற்றி விசாரித்திருக்கிறாள். வெளியூரிலிருந்து சீசனுக்கு ஓட்ட வந்தவர் அவர். சாயங்காலம் லாட்ஜுக்கு வந்து அவரே சொன்னார்.

"இன்னைக்கு ஒரு பொம்பள அழுத அழுகைய பாக்க முடியல சார். அந்த வாட்ச்மேனுக்கு மகளாம். செத்த விசயமே தெரியாம வந்திருக்கு."

"ஏ, அவரு உசுரோட இருக்காருவே."

"நெசமாவா? நான் வண்டி ஓட்ட வந்த நாள்ல இருந்து செத்துட்டாருன்னுதான சொல்லுதாவ."

தூரத்துச் சாவுச் செய்தி காதில் விழுந்தால் உடனே தலையோடு குளிப்பது எங்கள் வழக்கம். அந்த மனிதர் இரக்கப்பட்டு அவளை அருவிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பெண்கள் வரிசையில் நின்று, அப்பாவுக்காகக் குளித்திருக்கிறாள். அருவிக்கரையில் எல்லார் முகமும் ஈரம்தான். அவள் அழுததை யார் கவனித்திருப்பார்கள்? அப்பா இல்லாத பங்களாவைப் பார்க்க மனமில்லை என்றாளாம்; மறுபடி அவரே ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

"எந்த ஊருன்னு கேட்டீரா?"

"துக்கத்துல இருக்கவங்ககிட்ட எப்படிக் கேக்க?"

அதே ஆட்டோவில் செங்கோட்டைக்குப் பறந்தோம். ரயில் போயிருந்தது.

அண்ணாச்சியிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று கூட நினைத்தேன். மனசு கேட்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"எனக்காவயா குளிச்சா?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப கோவம் போயிருச்சி" என்றார். பிறகு அந்த இரும்புக் கேட்டில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தம்போட்டு அழுதார். பெரிய மனிதர் ஒருவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து போகிற வருகிற ஆட்டோவையெல்லாம் மறித்து, "நான் சாவல, உசுரோடதான் இருக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். அதைக் கேட்டுச் சுற்றுலாக்காரர்கள் முன்னைவிட வேகமாக ஓடினார்கள். புரோக்கர் வந்தபோது அண்ணாச்சியே வீட்டைச் சுற்றிக் காட்டி, "பேயும் இல்ல, பிசாசும் இல்ல, எல்லாம் நான் விட்ட கதை" என்றார். இனி இன்னொரு பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. தை மாதம் பங்களாவை இடித்தார்கள். இப்போது எங்கள் லாட்ஜில், வாசலை ஒட்டிய அறையில் இருக்கிறார்.

முப்பிடாதி, இது உன் கண்ணில் பட்டால் கிளம்பி வா. பங்களா இருந்த இடத்தில் தகரம் அடைத்திருக்கும்; பதறாதே. வழியில் ஆட்டோக்காரர் யாரையும் எதுவும் கேட்காதே. எதிரே இருக்கும் லாட்ஜின் முதல் கதவைத் தட்டு. உன் அப்பாதான் திறப்பார். பயப்படாதே அம்மா, கையைத் தொட்டுப் பார்.