வட்டப் பாதையில் மாப்பிள்ளை தேடிய கதை

வழி தவறக்கூடிய இடங்களில் பலகை வைத்திருப்பார்கள். தவறவே முடியாத இடத்தில் தவறுகிறவனுக்கு யாரும் பலகை வைப்பதில்லை. பிள்ளைகளே, நான் அந்த இரண்டாவது வகை.

மட்டக்குளிப் பக்கம் கடலோரமாக ஒரு பூங்கா இருக்கிறது. நடுவில் பெரிய குளம், சுற்றிலும் கண்டல் மரங்கள், அவற்றுக்கு இடையால் வளைந்து போகும் நடைபாதை. ஏற்றமில்லை, இறக்கமில்லை, கிளைப் பாதையும் இல்லை. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கூடச் சுற்றி வரலாம். புறப்பட்ட வாசலுக்கே அது நம்மைக் கொண்டுவந்து விட்டுவிடும். (இதிலுமா ஒருத்தன் பிழை விடுவான் என்று கேட்காதீர்கள். வாசியுங்கள்.)

என் மனைவியின் தங்கை தர்ஷினிக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த மாப்பிள்ளை பகுதி, தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு அவளை ஒரு பாட்டுப் பாடச் சொன்னது. "முதல்ல அவர் ஒண்டு பாடட்டும்" என்று அவள் மாப்பிள்ளையைக் கைகாட்டினாள். அத்தோடு அந்தச் சம்பந்தம் எழும்பிப் போய்விட்டது. இனித் தட்டம் ஏந்திக்கொண்டு ஒருத்தர் முன்னாலும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

தரகர் ஒரு யோசனை சொன்னார். வெள்ளவத்தையில் ஒரு நல்ல பிள்ளை இருக்கிறார். இரண்டு குடும்பமும் பூங்காவுக்கு நடக்கப் போக வேண்டியது; பாதையில் 'தற்செயலாக' சந்திக்க வேண்டியது. அவர்கள் குளத்தை வலப்பக்கம் வைத்து நடப்பார்கள். நாங்கள் இடப்பக்கம் வைத்து நடந்தால் பாதி வழியில் நேருக்கு நேர். தர்ஷினி அரை மனதோடு ஒத்துக்கொண்டாள். இதுவும் சரிவராவிட்டால் கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றும் சொல்லி வைத்தாள். மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் செய்ய வேண்டியது நடக்கிறது மட்டும்தான்."

நடந்தேன். அங்கேதான் வில்லங்கம் பிடித்தது.

பாதையில் காலை வைக்கிற நேரம் பார்த்து என் மூளை வேலை செய்தது. வந்திருப்பதோ நல்ல காரியத்துக்கு. கோயிலில் மூலஸ்தானத்தை யாராவது இடப்பக்கம் வைத்துச் சுற்றுவார்களா? கல்யாண விஷயத்தை அபசகுனமாகவா தொடங்குவது? ஒருவருக்கும் சொல்லாமல் குளத்தை வலக்கைப் பக்கம் வைத்து, பக்தியோடு திரும்பினேன். மற்றவர்கள் என் பின்னால் வந்தார்கள். மாப்பிள்ளை பகுதியும் அதே பக்கமாகத்தான் போய்க்கொண்டிருக்கும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. சகுனம் மட்டும் எட்டியது.

பாதி வழி வந்தது. எதிரில் ஒரு சனமும் இல்லை. ஒரு கபரகொய்யா (உடும்பின் தடித்த அண்ணன் என்று வையுங்கள்) மட்டும் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சுணங்கி வருகிறார்கள் போலும் என்று நடையைக் குறைத்தேன். வாசலே வந்துவிட்டது. தரகருக்கு ஃபோன் அடித்தேன். அவர் பொரளையில் ஒரு செத்த வீட்டில் நின்றிருக்கிறார், எடுக்கவில்லை.

இரண்டாம் சுற்றை வேகமாக நடந்தோம். பிறகுதான் தெரிந்தது, அவர்களும் எங்களைத் தேடி அதே வேகத்தில் முன்னால் நடந்திருக்கிறார்கள். நாங்கள் களைத்து நின்றபோது அவர்களும் களைத்து நின்றிருக்கிறார்கள். இப்படியொரு பொருத்தத்தை எந்தச் சாத்திரியாரும் சொன்னதில்லை.

"அப்பா, இந்தக் கபரகொய்யாவைத்தானே முந்தியும் பார்த்தனாங்கள்?" என்று மகள் அபி கேட்டாள். இது வேறு கபரகொய்யா என்றேன்.

தர்ஷினியின் செருப்பு காலைக் கடித்திருந்தது. அவள் அதைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அதுதான் எனக்குப் பயம். பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது, காவலாளி விசில் அடித்தால் எல்லோரும் வெளியே போக வேண்டும். மூன்று பேரையும் ஒரு மரத்தடியில் இருத்திவிட்டு நான் மட்டும் முன்னால் ஓடினேன்.

ஒரு வாங்கில் உட்கார்ந்து, தொப்பி போட்ட இளம் பிள்ளை ஒருவர் சப்பாத்தைக் கழற்றி மண் தட்டிக்கொண்டிருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாகி இருந்தது. மூச்சு வாங்க நானும் பக்கத்தில் இருந்தேன். தண்ணீர்ப் போத்தலை நீட்டி, யாரையும் தேடுகிறீர்களா என்று கேட்டார். அவ்வளவு அன்பாக அன்று யாரும் என்னோடு கதைக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெள்ளவத்தை ஆட்கள், நேரத்துக்கு வரத் தெரியாத சனம். தரகர் காட்டிய படத்தில் மாப்பிள்ளை கோட் சூட்டோடு உடுப்புக்கடைப் பொம்மை மாதிரி விறைத்து நிற்கிறார். (குடித்த தண்ணீர் யாருடையது என்று நான் யோசிக்கவே இல்லை.) பாட்டுப் பாடச் சொன்ன கதையையும் விடவில்லை.

அந்தக் கதைக்கு மட்டும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார்:

"அண்ணை, நீங்கள் எந்தப் பக்கமாச் சுத்துறீங்கள்?"

பெருமையோடு விளக்கினேன். கோயில், மூலஸ்தானம், சகுனம் எல்லாம் சொன்னேன். அவர் சப்பாத்தை ஆறுதலாகப் போட்டு, கயிற்றைக் கட்டி முடித்தார்.

"அந்தப் பொம்மை நான்தான் அண்ணை. அம்மாவும் அப்பாவும் அந்த வளைவில முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு இருக்கினம்."

குளத்துக்குள் இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். கபரகொய்யா அங்கே தலையைத் தூக்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் மூன்று பேரும் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்கு விளங்கிவிட்டது. மாப்பிள்ளை எழும்பித் தொப்பியைக் கழற்றினார்.

"எனக்குப் பாட வராது. அதை முதல்லயே சொல்லிப்போட்டன்" என்றார் தர்ஷினியிடம்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "பரவாயில்லை. இந்த அத்தானைத் தண்ணிக்குள்ள தள்ள ஒரு கை தருவீங்களோ?"

காவலாளி விசில் அடித்தபோது இரண்டு பேரும் எங்களுக்கு முன்னால் கதைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ஆவணியிலேயே கல்யாணம். அக்கினியை வலம் வர எழும்பியபோது மாப்பிள்ளை சட்டென்று நின்று, முன்வரிசையில் இருந்த என் பக்கம் திரும்பினார். "அண்ணை, எந்தப் பக்கம்?" மண்டபமே சிரித்தது. ஐயருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் திரும்பவும் அந்தப் பூங்காவுக்குப் போனோம். தர்ஷினியின் மகளுக்கு இப்போதுதான் நாலு வயது. வாசலில் வந்து என் சுண்டு விரலை இறுக்கிப் பிடித்தாள்.

"பெரியப்பா, பயப்பிடாதீங்கோ. நான் கூட்டிக்கொண்டு போறன்."