ஆறு பக்கெட் சேறும் ஒரு பல்பும்

இனி என் வீட்டு மின்சாரத்தை நானே செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன்.

ஏரிச் சேற்றிலிருக்கும் பாக்டீரியா மிச்சம் மீதியைத் தின்றுவிட்டு மின்சாரம் கொடுக்குமாம். செல்போனில் பார்த்தேன். இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியில் இருபது வருஷம் லைன் சூப்பர்வைசராக இருந்தவன் நான். ஒருநாளும் லைன் நின்றதில்லை. பாக்டீரியா எம்மாத்திரம்?

படப்பை வீட்டு மாடியில் ஆறு பக்கெட் சேறு. ஒவ்வொன்றிலும் இரண்டு கரித்தகடு, வயர். கடைசியில் கடலை அளவுக்கு ஒரு எல்.இ.டி. பல்பு.

மனைவி லூர்தம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"இன்னாய்யா, கூவத்தை வூட்டுக்கே கொண்டாந்துட்ட?"

"பவர் பிளான்ட்."

"நாறுது."

"வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"பத்து நாள் டைம். பல்பு எரியலைன்னா அத்தனையும் நீயே தூக்கினு போய் ஏரியில கொட்டணும்."

"எரிஞ்சா?"

"எரியறவரைக்கும் கெடக்கட்டும். நான் வாயே தொறக்க மாட்டேன்."

அதற்காகவே எரிய வைக்கலாம்.

"பாத்திரம் அலசின தண்ணிய ஊத்து. அதான் அதுங்களுக்குச் சாப்பாடு. சோப்பு பட்டா செத்துடும்."

"நான் மறந்து சோப்பு போட்டுடுவேனே. வாயில்லா உசுரு, பாவம். நீயே அலசிடு."

நியாயமாகப் பட்டது. மூன்று வேளையும் அலசினேன். அலசியதைத் தேய்க்கவும் என்னையே சொன்னாள்.

"பாதி வேலைய அடுத்த ஷிஃப்ட்டுக்குத் தள்ளலாமா, சூப்பர்வைசரு?"

பத்தாம் நாள் பல்பு எரிந்தது. பளிச்சென்று. தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன். லூர்தம்மாள் சொன்னபடி வாய் திறக்கவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் பாத்திரத்தின் முன்னால்.

ஒரு மாதம் போனது. விரலெல்லாம் ஊறிப்போனது. ஒருநாள் ஆறாவது பக்கெட்டை நகர்த்தினேன். பின்னால் இரண்டு டார்ச் பேட்டரி. அதிலிருந்து பல்புக்கு வயர்.

"லூர்து, இது யார் வேலை?"

"நான்தான் வச்சேன். அம்மாம் கஷ்டப்பட்டியே, மனசு கேக்கல."

"அப்ப ஒரு மாசமா சும்மாவா பாத்திரம் கழுவினேன்?"

"இன்னா சும்மா? பாத்திரம் பளபளன்னு கீதே."

பேட்டரியைப் பிடுங்கி எறிந்தேன். இன்றோடு பவர் பிளான்ட் மூடல். பாத்திரம் இனி அவள் பாடு.

பல்பு அணையவில்லை.

மங்கல்தான். மின்மினி அளவுக்குத்தான். ஆனால் எரிந்தது. சேறு நிஜமாகவே வேலை செய்துகொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லூர்தம்மாள் குனிந்து பல்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எரியுதே. மத்தியானப் பாத்திரம் அப்படியே கெடக்குது. உன் ஆளுங்களுக்குப் பசிக்கும். லைன் நிக்கக்கூடாது."

இப்போது ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. பார்க்கிறேன்.