வாழ்த்து மடலில் வந்த யானை

எழுதத் தெரியாதவர்களால் ஊருக்கு ஆபத்தில்லை. ஒன்றுவிடாமல் சரியாக எழுத வேண்டும் என்று நினைப்பவர்களால்தான் கல்யாணங்கள் நின்றுபோகப் பார்க்கின்றன. நான் பார்த்தது எழுபதுகளின் பிற்பகுதியில். (தேதி, நட்சத்திரத்தோடு சொல்ல முடியும். வீட்டில் தடை.)

என் அத்தை மகன் தங்கமாயனுக்குப் பக்கத்து ஊரான தேவாரத்தில் பெண்; போடியில் கல்யாணம். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வண்ணத்தாளில் வாழ்த்து மடல் அச்சடித்து, மண்டபத்தில் வாசித்துக் கொடுப்பது அப்போது வழக்கம். போடி நூலகத்தில் பாதியைப் படித்தவன் என்று எனக்கொரு பெயர் இருந்தது.

"மாப்ளே, நீதான் எழுதணும். வெரசா முடி, அச்சாபீசுல கேக்குறாக" என்றான் தங்கமாயன்.

எந்தக் கோணத்தில் எழுதுவது? மற்ற மடல்களில் எல்லாம் மாப்பிள்ளை சூரியன், பெண் நிலா. இரண்டும் சேர்ந்தால் அமாவாசை அல்லவா? கவிதையைக் கைவிட்டேன். மாப்பிள்ளையின் வரலாறு, கால வரிசைப்படி என்று முடிவானது. தொனி, வானொலிச் செய்தி. சந்தேகங்களை மலையில் அவனோடு வேலை பார்ப்பவர்களிடம் கேட்டுத் தீர்த்துக்கொண்டேன். வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. (வரலாற்றாசிரியன் சார்பற்றவனாக இருக்க வேண்டுமாம்.)

கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கு நேரமிருந்தது. ரேடியோ செட்டுக்காரர் மைக்கை என்னிடம் நீட்டி, "அண்ணே, ரெக்கார்டு ஊசி மாத்துற வரைக்கும் அதை வாசிங்க" என்றார்.

பிறப்பு, பள்ளிப் பருவம் எல்லாம் சுகமாகக் கடந்தன. பிறகு வாசித்தேன்: "அன்று முதல் இன்றுவரை மலைமேல் ஏலத்தோட்டத்திலேயே தங்கிக் கணக்கப்பிள்ளையாகப் பணியாற்றும் தங்கமாயன், அட்டைக்கடிக்கும் குளிர்காய்ச்சலுக்கும் அஞ்சாதவர். யானை வீட்டுச் சுவரை இடித்தபோதும் நிதானம் இழக்காதவர்..."

பெண்ணின் தகப்பனார் எழுந்துவிட்டார். "போடியில ஏலக்காக் கடையில சோலின்னுல்ல சொன்னீக?"

மலைக்குப் பெண் தர மாட்டேன் என்று அவர் முதலிலேயே சொன்னாராம். தரகர், தங்கமாயனைப் பேச்சிலேயே மலையிலிருந்து இறக்கிக் கடையில் உட்கார வைத்துத்தான் சம்மதம் வாங்கினாராம். எனக்கு அது தெரியாது. மணமேடையிலிருந்து தங்கமாயன் என்னைப் பார்த்த பார்வைக்கு யானையே தேவலை.

கோணம் கெட்டுவிட்டது, தொனியையாவது மாற்றுவோம் என்று நகைச்சுவைக்குத் தாவினேன்.

"அட்டையெல்லாம் சுண்ணாம்பு தடவுனா விழுந்துருங்க. யானையும் தினம் வர்றதில்ல."

மைக் கையிலேயே இருந்தது. மாடியில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய் இதைத் தெரு முழுவதும் அறிவித்தது.

"எந்திரிம்மா, ஊருக்குப் போவோம்" என்றார் தகப்பனார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். எனக்குக் கால் ஓடச் சொன்னது. மைக் வயர் விடவில்லை.

பெண் பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அங்க தண்ணி இருக்கா?"

"வருசம் பூரா ஓடை ஓடும்மா. வீட்டு வாசல்லயே" என்றேன். (முதன்முறையாக, கேட்டதற்கு மட்டும் பதில்.)

அவள் தகப்பனார் பக்கம் திரும்பினாள். "நம்ம தோட்டத்துலயும் யானை வந்து மேஞ்சிட்டுத்தானப்பா போகுது? நம்ம ஊர்ல யானையும் வருது, தண்ணியும் இல்ல. கொடத்தத் தூக்கிக்கிட்டு எம்புட்டுத் தூரம் நடக்குறேன். நான் மலைக்கே போறேன்." பிறகு மாப்பிள்ளையிடம் மெதுவாக, "பொய் சொன்னதைப் பத்தி அப்புறம் பேசிக்கிறேன்" என்றாள்.

தாலி ஏறியது. அந்தப் பேச்சு எண்பதுகள் முழுவதும் நடந்ததாகத் தங்கமாயன் சொல்வான்.

வெகுகாலம் கழித்து அவர்கள் மகளின் கல்யாணப் பத்திரிகை வந்தது. அடியில், 'வாழ்த்து மடல் தவிர்க்கவும்' என்று அச்சிட்டிருந்தார்கள். இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தப் பத்திரிகையும் அந்த வரி இல்லாமல் வருவதில்லை.

"ஏம்மா, என்னை நினைச்சா போட்டீங்க?" என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன்.

"உங்க பேரைப் போட்டுத்தான் எழுதணும்னு இருந்தோம்ணே. எப்படி எழுதுனா வருத்தப்பட மாட்டீகன்னு தெரியல. அதான் பொதுவாப் போட்டுட்டோம்" என்றாள்.