மாப்பிள்ளையின் மார்பளவு பற்றி அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு, உங்கள் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்துவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன்.

போன தடவை வந்து நான்கு நாள் தங்கிவிட்டுக் கிளம்பும்போது பையை எடுத்துக்கொண்டீர்கள், குடையை எடுத்துக்கொண்டீர்கள், நீங்கள் கிளப்பிவிட்ட சண்டையை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அன்றைக்கு டிவியில் போட்ட படம் நினைவிருக்கும். ஒரு நோஞ்சான் குமாஸ்தா, கண்ணாடி மூக்கில் நிற்காது, பேசினால் நாக்குக் குழறும். வில்லன் கன்னத்தில் ஒன்று விட்டதும் ஒரே ஒரு பாட்டு. ஓடினான், மரக்கட்டையைத் தூக்கினான், மழையில் நனைந்தான், தாடி வளர்த்தான், பாட்டு முடிகிறபோது இரும்புக் கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு வருகிறான். கண்ணாடியையும் காணோம். நீங்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "முப்பது வருஷமா ஸ்கூல் மைதானத்துல பசங்களை ஓட விட்டு விசில் ஊதறேன், ஒருத்தனுக்கும் இப்படி உடம்பு ஏறினதில்ல, ஒரு பாட்டுல ஏறுதாமே! யார் காதுல பூ சுத்தறாங்க?" என்றீர்கள். இவர் விடவில்லை. "பாட்டுன்னா பாட்டு நேரமா மச்சான்? அது மூணு மாசம். மனுஷன் மனசு வெச்சா முடியும்" என்றார். அதோடு நிறுத்தினீர்களா? "மாப்பிள்ளை, நீங்க மொதல்ல மூணு மாடி மூச்சு வாங்காம ஏறுங்க, அப்புறம் பேசலாம்" என்று அண்ணி எதிரில், என் எதிரில் சொல்லிச் சிரித்தீர்கள்.

நடுவில் நானும் ஒரு கேள்வி கேட்டேன். அறை வாங்கும்போது போட்டிருந்த அதே நீலச் சட்டையைத்தானே கடைசிச் சண்டையிலும் போட்டிருக்கான், முப்பத்தாறு மார்பு நாற்பத்திரண்டு ஆன பிறகு அது எப்படிப் பொருந்தியது என்று. இருபது வருஷமாகச் சட்டை தைக்கிறவள் கேட்ட கேள்வி. நீங்கள் இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீங்கள் பஸ் ஏறிய மறுநாளே இவர் ஆரம்பித்துவிட்டார். படத்தில் அவன் பச்சை முட்டையைக் கண்ணாடி டம்ளரில் உடைத்து ஊற்றிக் குடித்தானாம், இவரும் ஆறு முட்டையைக் குடித்துவிட்டு, அன்றைக்கு முழுக்க வாந்தியெடுக்க வசதியாகக் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விடிகாலையில் ஓடப் போனார், தெரு நாய்கள் நான்கு கூடவே ஓடின, ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்து "இன்னிக்கு என் வேகத்தைப் பாத்திருக்கணும் நீ" என்கிறார். தண்ணீர்க் கேனைத் தூக்கினார், பழைய பேப்பர்க் கட்டைத் தூக்கினார், ஒருநாள் நான் கடைக்குப் போன நேரம் பார்த்து என் தையல் மெஷினின் தலையைக் கழற்றித் தூக்கியிருக்கிறார். தூக்கினது சரி அண்ணா, இறக்கத் தெரியவில்லை. சக்கரம் விரிசல் விட்டு, இருபத்தெட்டு பள்ளிக்கூடச் சீருடை வெட்டிய துணியாகவே ஒரு வாரம் கிடந்தது. பிள்ளைகளின் அம்மாக்கள் வாசலில் நின்று கேட்டபோது, என் வீட்டுக்காரர் ஹீரோவாக மாறிக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்றா சொல்ல முடியும்?

இதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் என்னால் முடியவில்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு என் மேஜை முன்னால் வந்து நிற்பார். "அளவு எடு." நான் டேப்பைச் சுற்றுவேன், முப்பத்தாறு. அடுத்த ஞாயிறு முப்பத்தாறு. மூன்றாவது ஞாயிறும் முப்பத்தாறு. அவர் ரெக்கார்டு ரூம் கிளார்க் இல்லையா, ஒரு பழைய லெட்ஜரில் தேதி போட்டுக் கோடு போட்டு அளவை ஏற்றுகிறார். மூன்றாவது முப்பத்தாறை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார் பாருங்கள், அந்த மூஞ்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பேப்பர் படிக்கவில்லை. சாயங்காலம் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பதவி உயர்வு தட்டிப் போனபோதுகூட இப்படி உட்கார்ந்ததில்லை.

அதனால் நாலாவது ஞாயிறு அரை அங்குலம் கூட்டிச் சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்த தப்பு. அரை அங்குலம்! கஸ்டமருக்கு லூஸுக்கு விடுகிற துணி. இவர் மூஞ்சியில் பல்பு எரிந்தது. ஆனால் மறுநாள் கண்ணாடி முன் நின்று, "அளவு ஏறுது, சட்டை ஏன் தொளதொளன்னே இருக்கு?" என்று கேட்டாரே பார்க்கலாம். நான் என்ன செய்வேன்? அவர் வேலைக்குப் போனதும் அலமாரியில் இருந்த ஒன்பது சட்டையையும் எடுத்து, இரண்டு பக்கமும் கால் கால் அங்குலம் உள்ளே பிடித்துத் தைத்தேன். அடுத்த வாரம் இன்னொரு அரை அங்குலம், இன்னொரு தையல். சீருடை தைக்க வேண்டிய நேரத்தில் வாராவாரம் என் புருஷனின் ஒன்பது சட்டையைச் சின்னதாக்கிக்கொண்டிருக்கிறேன், கூலி கிடையாது, வெளியில் சொல்லவும் முடியாது. லெட்ஜரில் இப்போது முப்பத்தொன்பது என்று இருக்கிறது. உங்களுக்கு ஆத்திரமூட்டும்படி அவர் எழுதியனுப்பிய கணக்கெல்லாம் நான் போட்ட கணக்கு.

போன செவ்வாய்க்கிழமை அது வெடித்தது. வழக்கமாக இவர் ஆபீஸ் போனதும் நல்ல சட்டையைக் கழற்றிவிட்டு, அங்கேயே ஆணியில் மாட்டி வைத்திருக்கும் தூசிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஃபைல் கட்டுகளைத் தொடுவார். அன்றைக்கு மேலதிகாரி சோதனைக்கு வந்ததால் மாற்றவில்லை. மேல் தட்டில் இருந்த கட்டை எடுக்கக் கையைத் தூக்கியிருக்கிறார், முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரை டர்ரென்று கிழிந்துவிட்டது. ஆபீஸே கை தட்டியதாம். கிழிந்த சட்டையை மெடல் மாதிரி மடித்து எடுத்து வந்து, "உள்ள அடங்கல பாத்தியா?" என்கிறார். மேலதிகாரி மட்டும் "எந்த டெய்லர் தெச்சது?" என்று கேட்டாராம், இவர் பெருமையாக என் பெயரைச் சொல்லியிருக்கிறார். அன்று மாலையே அந்த ஆபீஸ்காரர் ஒருவர் வந்து தைக்கக் கொடுத்த பேன்ட் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

துணி போனால் போகட்டும். வருகிற ஞாயிறு ஆபீஸில் விளையாட்டுப் போட்டி. ஐம்பது கிலோ மூட்டையைத் தலைக்கு மேலே தூக்குகிற போட்டிக்கு இவர் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஐம்பது கிலோ, அண்ணா! மெஷின் தலையை இறக்கத் தெரியாத மனுஷன். நான் பிடித்த தையலை நம்பித் தூக்கப் போகிறார். இடுப்பு பிடித்துக்கொண்டால், முதுகு போய்விட்டால், அது என் கையால் நடந்தது. மூன்று நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், "என்ன?" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு பார்க்கிறார், "ஒண்ணுமில்ல, காப்பி வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன்.

ஆகையால் உங்களால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. நீங்கள் பிறந்ததிலிருந்து யாரிடமும் தோற்றுப்போனதாக ஒப்புக்கொண்டதில்லை என்பது எனக்குத் தெரியும். இந்த ஒருமுறை ஒப்புக்கொள்ளுங்கள். "மாப்பிள்ளை, நீங்க ஜெயிச்சிட்டீங்க, ஹீரோ மாறினது நம்பும்படியாத்தான் இருக்கு, இனிமே எதையும் தூக்க வேண்டாம்" என்று ஒரே ஒரு வரி, சனிக்கிழமைக்குள் கிடைக்கிற மாதிரி எழுதிப் போடுங்கள். பேச்சைக் கிளப்பியது நீங்கள், முடித்து வைப்பதும் உங்கள் பொறுப்பு. அந்த ஒரு வரிக்குக் கைமாறாக உங்களுக்கு ஆயுசுக்கும் சட்டை நான் தைத்துத் தருகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பெரியவர்கள் ஆசீர்வாதம் எனக்கு எப்போதும் வேண்டும், இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடி உள்ளே போய்விட்டு வருவதற்குள் இவர் மேஜையில் உட்கார்ந்து கடிதம் முழுவதையும் படித்து முடித்துவிட்டார். இவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஆபீஸ்ல மாட்டியிருக்கற தூசிச் சட்டையை நீ மறந்துட்டியே" என்றார். அந்தச் சட்டை வீட்டுக்கு வந்ததே இல்லை, அதனால் என் ஊசி அதைத் தொடவில்லை. காலையில் வீட்டில் இறுக்குகிற மார்பு பத்து மணிக்கு ஆபீஸில் தொளதொளவென்று ஆகிவிடுகிறதே என்று முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாராம். "அப்ப மூட்டை?" என்றேன். "பேரா? நான் குடுக்கவே இல்ல. நீ எப்பத்தான் உண்மையைச் சொல்லுவேன்னு பாத்தேன். காப்பிதான் வந்துது" என்கிறார். ஆறு வாரம் ஒன்பது சட்டை பிடித்த ஆத்திரத்தில் டேப்பை எடுத்து, வாங்க இங்கே என்று நிற்க வைத்துப் பொய்யில்லாமல் அளந்தேன். மார்பு முப்பத்தாறு. சும்மா விடாமல் இடுப்பையும் அளந்தேன். என் நோட்டில் முப்பத்தெட்டு என்று இருக்கிறது, இப்போது முப்பத்தைந்து. இருமுறை அளந்துவிட்டேன். மார்பையே பார்த்துக்கொண்டிருந்ததில் நாய்களோடு ஓடிய மனுஷனின் வயிற்றை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அப்படியே கீழே போய் மூன்று மாடி ஏறி வரச் சொன்னேன், ஏறி வந்தார், வாசலில் நின்று, மூச்சு வாங்காமல், "இப்ப மச்சானுக்கு என்ன எழுதப்போற?" என்று கேட்டார். ஆகையால் மேலே கேட்ட ஒரு வரியை எனக்காக எழுத வேண்டாம், நிஜமாகவே எழுதுங்கள். நான் ஒன்பது சட்டையைப் பிரிக்க வேண்டும், பதினொரு பேன்ட்டைப் பிடிக்க வேண்டும்.